பிரிந்த அன்று அழுதது யார்

இன்றைக்கு என்ன கிழமை என்று முதலில் கேட்பார்களாம். புதன். என்ன மாதம் என்பார்கள். ஆகஸ்ட், இல்லை, ஆகஸ்ட் முடிந்துவிட்டது, தேசிய தினக் கொடிகளைக் கழற்றிவிட்டார்கள், செப்டம்பர். எந்த இடம்? ஆஸ்பத்திரி. எந்த நாடு? அதைக்கூடக் கேட்பார்கள் என்று கீழ்வீட்டுக்காரர் சொன்னார், அவருக்குப் போன வருஷம் இந்த ஞாபகச் சோதனை செய்தார்களாம். சிங்கப்பூர். இதில் என்ன கஷ்டம், சின்னப்பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் சின்னப்பிள்ளையிடம் கேட்பவர்கள் பதில் தப்பானால் சிரிப்பார்கள், என்னிடம் கேட்பவர்கள் எழுதிக்கொள்வார்கள். புதன், செப்டம்பர், சிங்கப்பூர். பக்கத்து நாற்காலியில் லீலா போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என் மகள்தான். பெயர் புஷ்பலீலா, வயது ஐம்பத்தெட்டு, எல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவள் பெர்த்தில் இருக்கும் தம்பியிடம் போனில் பேசியதும் ஞாபகம் இருக்கிறது. சமையலறையில் நின்று மெதுவாகத்தான் பேசினாள். காது எனக்கு நன்றாகக் கேட்கும் என்பதை மறந்துவிட்டாள். பார், அவளும்தான் மறக்கிறாள். "டாக்டர் என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டு முடிவு பண்ணுவோம். சரியில்லேன்னா வீட்டை வித்துட வேண்டியதுதான். தனியா விடமுடியாதுடா. அந்த இல்லத்துல எடம் இருக்காம்." இல்லம். பெயரில் மட்டும் இல்லம். கட்டில் கட்டிலாக வரிசையில் கிழவர்கள், அறுத்துப் போட்ட சட்டை மாதிரி ஒரு உடை, நேரத்துக்குக் கஞ்சி. என் வீட்டில் கதவைச் சாத்தினால் சாத்தினதுதான். என் பெண்டாட்டி செகதாம்பாள் வாங்கிய அம்மி இன்னும் அங்கே கிடக்கிறது. அவள் போய் நான்கு வருஷம் ஆகிறது, யாரும் அதில் அரைப்பதில்லை, ஆனாலும் கிடக்கிறது. வீட்டை விற்றால் அம்மியை என்ன செய்வார்கள்? கீழே குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் வைப்பார்கள். வேறென்ன.

அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டுக் கோப்பிக்கடைக்குப் போனது உண்மைதான். பாத்திரம் கருகி, வீடெல்லாம் புகை வந்து, எதிர்வீட்டுச் சீனத்தி கதவைத் தட்டி, தீயணைப்புக்காரர்கள் வந்து, ஒரே அமர்க்களம். அதற்கு முன்னால் ஒரு நாள் பஸ் ஏறி நாங்கள் முன்பு குடியிருந்த பழைய அடுக்குமாடி புளோக்குக்குப் போய்விட்டேன், அங்கே புளோக்கே இல்லை, இடித்து மூங்கில் மறைப்பு வைத்திருந்தார்கள். அதையும் யாரோ லீலாவிடம் சொல்லிவிட்டார்கள். ஆனால் அதற்கெல்லாம் அவள் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்து வரவில்லை. திட்டினாள், மின்சார அடுப்பு வாங்கித் தந்தாள், முடிந்தது. இழுத்து வந்தது தேசிய தினத்தன்று சாப்பாட்டு மேசையில் நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. தொலைக்காட்சியில் வழக்கம்போல அந்தப் பழைய படத்தைப் போட்டார்கள், அறுபத்தைந்தில் சிங்கப்பூர் தனி நாடாகப் பிரிந்தபோது தலைவர் பேசமுடியாமல் கண்ணைத் துடைக்கிற படம். பேத்தி நிலானி பள்ளிக்கூடப் பாடத்துக்காகக் கேட்டாள், தாத்தா, நீங்க அன்னைக்கு என்ன பண்ணீங்க என்று. நானும் வழக்கம்போல, அழுதேன்மா, நாடே அழுதுச்சு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அறுபது வருஷமாகச் சொல்கிற பதில். ஆனால் வாயில் வந்தது வேறு. நான் அன்னைக்குச் சிரிச்சேன் என்றேன். சத்தமாச் சிரிச்சேன். சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. லீலா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். முகம் வெளுத்துப் போயிற்று. மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு நாள் வாங்கிவிட்டாள்.

திரையில் எண் மாறுகிறது. என்னுடையது இல்லை. எதிரே ஒரு சீனக் கிழவி பொம்மையை மடியில் வைத்துத் தட்டிக்கொடுக்கிறாள், கூட வந்த பணிப்பெண் கொட்டாவி விடுகிறாள். அந்தக் கிழவி இங்கே முதல்முதல் வந்தபோது கிழமையைச் சரியாகத்தான் சொல்லியிருப்பாள். அவளைப் பார்க்கக்கூடாது. புதன், செப்டம்பர். சரி, யோசித்துப் பார்ப்போம், நிதானமாக. அழுதேனா, சிரித்தேனா? இதில் ஒன்று நடந்திருக்கவேண்டும். துறைமுகத்தில் அப்போது சரக்கு எண்ணுகிற குமாஸ்தா வேலை எனக்கு. திங்கட்கிழமை காலை. கேன்டீனில் வானொலி பாடிக்கொண்டிருந்தது, பாட்டு பாதியில் நின்றது. யாரோ சத்தத்தைக் கூட்டினார்கள். அறிவிப்பு. சிங்கப்பூர் இனி தனி நாடு. சரக்குத் தூக்குகிற ஆட்கள் தோளில் துண்டோடு நின்றது நின்றபடி நிற்கிறார்கள். அப்புறம்? அப்புறம் ஒரு சிரிப்புச் சத்தம், எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள், திரும்பிப் பார்ப்பது என்னை. இது இப்போது நேற்று நடந்த மாதிரி தெரிகிறது. மேசையில் ஈரம், கோப்பிக் கறை, என் கை, எல்லாம். இவ்வளவு நன்றாகத் தெரிவது உண்மையாகத்தான் இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். உடனே இன்னொன்று தோன்றுகிறது. இல்லாத புளோக்குக்குப் பஸ் ஏறிப் போனபோதும் எல்லாம் இப்படித்தான் நன்றாகத் தெரிந்தது, படிக்கட்டு, தபால்பெட்டி, மாடியில் காயும் துணி.

அழுதது எப்படித் தெரிகிறது என்று பார்த்தால் அதில் கோப்பிக் கறை இல்லை. சமூக நிலையத்தில் கூட்டத்தோடு நிற்கிறேன், உயரத்தில் தொலைக்காட்சிப் பெட்டி, அதில் தலைவர் அழுகிறார், என் கண்ணிலும் தண்ணீர். ஆனால் இதில் என்னை நானே பின்னாலிருந்து பார்க்கிறேன். என் முதுகு தெரிகிறது. தன் முதுகைத் தான் பார்த்தவன் எவன் இருக்கிறான்? அந்தப் படத்தை எத்தனை தடவை போட்டார்கள், ஒவ்வொரு வருஷமும் போட்டார்கள், அதில் நானும் போய் நின்றுகொண்டேனோ என்னவோ. சொல்லிச் சொல்லியே நடந்ததாக ஆகிவிடுமா? அப்படியானால் பிள்ளைகளுக்கு நான் சொன்னதெல்லாம், துரத்திவிட்டார்கள், ஒரு ராத்திரியில் அநாதையாக நின்றோம், நான் குழந்தை மாதிரி அழுதேன் என்று சொன்னதெல்லாம்? துரத்தினார்கள் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. புத்தகத்தில் போட்டிருக்கிறது, லீலா படித்த புத்தகத்திலும் இருந்தது. மச்சான்தான் ஒத்துக்கொள்ளமாட்டார். துரைக்கண்ணு, செகதாம்பாளுடைய அண்ணன், எல்லைக்கு அந்தப் பக்கம் குளுவாங்கில் பலசரக்குக் கடை. தீபாவளிக்குத் தீபாவளி வருவார், சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டதும் ஆரம்பித்துவிடுவார். "என்ன மாப்ளே, இன்னும் அதே பாட்டையே பாடுறீங்க? யாரு ஒங்களத் தொரத்துனா? ஒங்க ஆளுங்கதான் பிரிச்சு விடுங்கன்னு கேட்டு வாங்கிட்டுப் போனாங்க." நான் விடுவேனா. "அப்படியா மச்சான், அப்ப டிவியில அழுதாரே, அது சும்மாவா?" "அழுதா தொரத்துனதா அர்த்தமா? எந்தங்கச்சி கல்யாணத்தன்னைக்கு நாங்கூடத்தான் அழுதேன். அவளை யாரு தொரத்துனா?" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், உள்ளே எரியும். நாங்கள் இரண்டு நாட்டையும் பிரித்துச் சேர்த்துப் பிரித்துக்கொண்டிருப்போம், செகதாம்பாள் சமையலறையிலிருந்து வரவேமாட்டாள். நான் அழுதேன் என்று சொல்கிற இடம் வரும்போது மட்டும் அங்கே பாத்திரம் விழும்.

இப்போது அந்தக் காலத்து அரசாங்கக் கோப்புகளையெல்லாம் திறந்து வைத்திருக்கிறார்களாம். கோப்பிக்கடையில் ஒருவன் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பேசித்தான் பிரிந்தார்கள், துரத்தல் கிரத்தல் எல்லாம் கிடையாது என்கிறான். இன்னொருவன், கழுத்தில் கத்தியை வைத்தால் பேசாமல் என்ன செய்வார்கள் என்கிறான். இரண்டு பேருக்கும் அப்போது பல் முளைத்திருக்காது. கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், அந்தக் காலத்து ஆள் நீங்கள்தானே, சொல்லுங்கள் என்றார்கள். எனக்கென்ன தெரியும். பெரிய இடத்தில் யார் யாரிடம் என்ன கேட்டார்கள் என்று கேன்டீனில் உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரியுமா? என் வீட்டில் நடந்தது தெரிந்தால் போதாதா. அதுவே தெரியவில்லையே. பயம் அங்கேதான் வருகிறது. அவர்களுக்குக் கோப்பு இருக்கிறது. திறந்து பார்த்து, இன்னார் இன்னது சொன்னார் என்று சண்டையாவது போடலாம். எனக்கு இருந்த ஒரே சாட்சி செகதாம்பாள். அவளையும் மண்டாய்ச் சுடுகாட்டில் எரித்தாயிற்று.

சிரித்ததற்குக் காரணம் இருந்தது, அதுதான் இன்னும் மோசம். காரணம் இல்லாமல் தோன்றினால் நோய் என்று தள்ளிவிடலாம். அதற்கு முந்தின வருஷம் இனக்கலவரம். ஊரடங்கில் கிடங்குக்குள்ளேயே அடைந்து கிடந்தோம், வெளியே யார் ஓடுகிறார்கள், யாரை அடிக்கிறார்கள் என்று தெரியாது, கதவுக்குப் பின்னால் மூட்டை அடுக்கிவைத்தோம். வீட்டில் செகதாம்பாள் தனியாக. கல்யாணமாகி ஐந்து மாதம். அந்தப் பயம் எலும்பில் இறங்கியிருந்தது, இனி அது வராது என்று ஒரு எண்ணம். ஆனால் முழுக்க அதுவும் இல்லை. மாமனார். குளுவாங்கில் கடையைப் பார்த்துக்கொள்ள வா வா என்று விடாமல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். சிங்கப்பூரில் அடிதடி, என் மகளை அங்கே வைத்திருக்காதே என்று. வீட்டோடு மாப்பிள்ளையாக, அவருடைய தராசுக்குப் பின்னால் நின்று, அவர் காறித் துப்பும்போது தலையாட்டிக்கொண்டு. செகதாம்பாளும் போகலாம் போகலாம் என்று அழுத்திக்கொண்டிருந்தாள். சரி, தீபாவளி கழித்துப் போகலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அப்போதுதான் திங்கட்கிழமை காலையில் பாட்டு பாதியில் நிற்கிறது. தனி நாடு. இனி எப்படிப் போவது? எல்லாம் வேறாகிவிட்டது, வேலை இங்கே, மாமனார் அங்கே, நடுவில் ஒரு நாடு. நான் கேட்கவில்லை, வேண்டவில்லை, யாரோ பெரிய மனிதர்கள் செய்து கையில் கொடுத்துவிட்டார்கள். சிரிக்காமல் என்ன செய்வான், இருபத்துநாலு வயதுப் பையன்.

வீட்டுக்கு ஓடியதும் தெரிகிறது. சட்டையெல்லாம் வேர்வை. அவள் தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் வாழைப்பூ நறுக்கிக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் கறுப்பு. "இனிமே ஒங்கப்பன் என்னைக் கூப்பிடமுடியாது புள்ளே, அது வேற நாடு" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன், அவளும் சிரிப்பாள் என்று நினைத்தேனா? அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு அந்தக் கறுப்புக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். என்னைத் திட்டவில்லை. "எங்கம்மா வீடு வேற நாடா? எங்கம்மா வீடு வேற நாடா?" இதையே திருப்பித் திருப்பிக் கேட்டாள். நான் என்ன பதில் சொன்னேன் என்பது தெரியவில்லை, எவ்வளவு பிடித்து இழுத்தாலும் அது மட்டும் வரமாட்டேன் என்கிறது. அழுதவள் அவள். அப்படியானால் அவளுடைய அழுகையைத்தான் நான் எடுத்துக்கொண்டேனா? முதல் தடவை யாரிடம் சொல்லியிருப்பேன்? துறைமுகத்தில் எல்லோரும் தலைக்குத் தலை சொல்வார்கள், நான் இப்படி அழுதேன், நான் அப்படி அழுதேன் என்று, அங்கே போய்ச் சிரித்தேன் என்று சொல்லமுடியுமா? பிறகு கடவுச்சீட்டு வந்தது, எல்லையில் வரிசை வந்தது, அவளுடைய அப்பா இறந்த அன்று வரிசையில் நின்று நின்று நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். வாசலில் தண்ணீர் தெளித்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அன்று அவள் என்னைப் பார்த்த பார்வை. அதற்கப்புறம் நான் சிரித்தேன் என்று எவனிடம் சொல்வேன்.

எல்லாம் சரியாகப் பொருந்துகிறது. பொருந்துவதுதான் பயமாக இருக்கிறது. கீழ்வீட்டுக்காரர் சொன்னார், இந்த நோய் வந்தால் விட்டுப்போன இடத்தையெல்லாம் மூளை தானே இட்டுக்கட்டி நிரப்புமாம், நிரப்பியது நமக்கே தெரியாதாம். வாழைப்பூ உண்டா? கறுப்பு விரல் உண்டா? "அப்பா, நம்ம நம்பர்" என்கிறாள் லீலா. கையைப் பிடிக்கிறாள். பிடித்த பிடி வழக்கத்தைவிட இறுக்கமாக இருக்கிறது. ஓடிவிடுவேன் என்று பயமோ.

டாக்டர் நம் பெண்தான், சின்னப்பெண், ஊசியால் குத்தினாலும் வலிக்காது என்பது போன்ற முகம். தமிழ் பேசுகிறாள், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்து. "தாத்தா, பயப்படாதீங்க, சும்மா பேசப்போறோம்." சும்மா பேசுவதற்கு யாராவது தாளும் பேனாவும் எடுப்பார்களா. "இன்னைக்கு என்ன கிழமை?" புதன். மாதம், செப்டம்பர். நாடு, கேட்டேவிட்டாள், சிங்கப்பூர். மூன்று வார்த்தை சொல்கிறேன், பிறகு கேட்பேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். சாவி, மாம்பழம், குடை. சாவி மாம்பழம் குடை. வீட்டுக் கதவைத் திறக்கச் சாவி, உள்ளே மேசையில் மாம்பழம், மூலையில் குடை, வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் மறக்காது. கடிகாரம் வரையச் சொல்கிறாள். வட்டம் கொஞ்சம் கோணல், கை நடுக்கம்தான், மூளை நடுக்கம் இல்லை என்று சொல்லலாமா, வேண்டாம், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். முள் இரண்டும் சரியாக நிற்கின்றன. அந்த மூன்று வார்த்தை? சாவி, மாம்பழம், குடை. டாக்டர் சிரிக்கிறாள். "ரொம்ப நல்லா செய்றீங்க தாத்தா." அவ்வளவுதான், எழுந்துவிடலாம், வீட்டுக்குப் போகலாம். அப்போது லீலா நாற்காலியில் முன்னால் நகர்கிறாள். "டாக்டர், ஒரு நிமிஷம். அப்பா, அன்னைக்கு சாப்பிடறப்போ ஒண்ணு சொன்னீங்களே, நாடு பிரிஞ்ச அன்னைக்கு என்ன பண்ணீங்கன்னு. அதை டாக்டர்கிட்டயும் சொல்லுங்க." பெற்ற மகள். கரையேறியவனைக் காலைப் பிடித்து இழுக்கிறாள். டாக்டர் பேனாவை மறுபடி எடுக்கிறாள். "ஓ, அறுபத்தஞ்சா? சொல்லுங்க தாத்தா, அன்னைக்கு என்ன செஞ்சீங்க?" இரண்டு பேரும் என் வாயையே பார்க்கிறார்கள். நாடே அழுத அன்று சிரித்தேன் என்று சொல்கிறவனை என்ன என்று எழுதுவார்கள்?

"அழுதேன்" என்கிறேன். "நாடே அழுதுச்சு. நானும் அழுதேன்." லீலா என்னைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நீங்க அன்னைக்கு வேற மாதிரி சொன்னீங்கப்பா." "என்ன சொன்னேன்? எப்பவும் சொல்றதத்தான் சொன்னேன். ஒனக்குத்தான் காதுல சரியா விழல." டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஏதோ எழுதுகிறாள். வயசுக்கு ஞாபகம் நன்றாகவே இருக்கிறது, ஆறு மாதம் கழித்து வந்தால் போதும், அடுப்பில் மட்டும் கவனம் என்கிறாள். முடிந்தது. ஜெயித்துவிட்டேன்.

நடைபாதையில் மருந்துக்கு நிற்கும் வரிசையைத் தாண்டி, ஆள் இல்லாத பெஞ்சியில் லீலா என்னை உட்காரவைக்கிறாள். தானும் உட்காருகிறாள். அழப்போகிற முகம், சின்ன வயதிலிருந்தே உதட்டைக் கடித்துக்கொள்வாள். "அப்பா, நான் ஒண்ணு கேக்கறேன், கோவிக்காதீங்க. அம்மா ஆஸ்பத்திரியில இருக்கறப்போ, போறதுக்குக் கொஞ்ச நாளைக்கு முன்னாடி, எங்கிட்ட சொன்னாங்க. நாடு பிரிஞ்ச அன்னைக்கு உங்கப்பா சிரிச்சாரு, அழுதது நானு, ஊரெல்லாம் அவரு அழுததா சொல்லிக்கிட்டுத் திரியறாருன்னு. எனக்கு வந்துச்சே ஒரு கோவம். எங்கப்பாவைப் பத்திச் சாகற நேரத்துல பொய் சொல்லாதம்மான்னு கத்திட்டேன். அவங்க அப்புறம் எங்கிட்ட சரியாவே பேசல. அப்படியே போயிட்டாங்க." மூக்கை உறிஞ்சுகிறாள். "போன மாசம் நீங்க சிரிச்சேன்னு சொன்னதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லப்பா. அம்மா சொன்னது நிஜமோன்னு. அம்மாவைப் பொய்க்காரின்னு சொல்லி அனுப்பிட்டேனோன்னு. உங்களுக்கு ஞாபகம் சரியா இருக்கான்னு தெரிஞ்சாத்தான நான் எதை நம்பறதுன்னு தெரியும். அதுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன். இப்ப சொல்லுங்க. யாரும் எழுதிக்கப் போறதில்ல. சிரிச்சீங்களா, அழுதீங்களா?"

சாட்சி இருந்திருக்கிறது. வாழைப்பூ உண்டு, கறுப்பு விரல் உண்டு, நான் உண்டு, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. செகதாம்பாளே, நீ சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாய். வாய் வரை வந்துவிட்டது, சிரிச்சேம்மா, ஒங்கம்மா சொன்னதுதான் நிஜம். சொன்னால் இவள் அழுவாள், பிறகு நிம்மதியாவாள். பிறகு? பிறகு யோசிப்பாள். உள்ளே அழுதேன் என்றார், வெளியே சிரித்தேன் என்கிறார், இடையில் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இன்று ராத்திரியே பெர்த்துக்குப் போன் போகும். டாக்டர் அறை இன்னும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது, கதவுகூடச் சாத்தவில்லை. அந்தச் சீனக் கிழவியை இப்போது உள்ளே கூட்டிப்போகிறார்கள். நுழையமாட்டேன் என்று வாசலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், பணிப்பெண் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்கிறாள்.

"ஒங்கம்மாவுக்குக் கடைசியில ஞாபகம் பிசகிப்போச்சும்மா" என்கிறேன். "மருந்து அப்படி. நீ சொன்னதுல ஒண்ணும் தப்பில்ல."

லீலா கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். நீளமாக மூச்சு விடுகிறாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகம் தெளிவாக இருக்கிறது, என் சட்டைக் காலரை எடுத்துச் சரிசெய்துவிடுகிறாள். "நானும் அப்படித்தாம்ப்பா நெனச்சேன்" என்கிறாள். "வாங்க, போலாம். உங்க வீட்டுக்கே கொண்டுபோய் விடறேன்."